வாசலை அடைத்த தேர்

போன மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு பட்டிமன்றம் நடத்தினார்கள். இந்தக் காலத்து மனிதனுக்கு மதம் தேவையா, தேவையில்லையா என்பது தலைப்பு. "தேவையில்லை" அணியில் பேச ஆள் கிடைக்கவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், உங்கப்பா கறுப்புச் சட்டைக்காரராமே, சாமி கும்பிடாதவர்தானே? நீங்க பேசினா பொருத்தமா இருக்கும்."

கறுப்புச் சட்டை என்ன நகையா, பெற்றவர்களிடமிருந்து பெண்ணுக்கு வர? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முடியாது என்றேன். "அப்போ தேவைங்கிற அணியில பேசுறீங்களா?" என்றார். அதுவும் முடியாது என்றேன். கிழவிக்குத் திமிர் என்று படியிறங்கும்போதே அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பக்கமும் கிடையாது. என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு தேர். என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. மதம் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு அந்தத் தேர்தான் ஞாபகம் வருகிறது. பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் நடுவர் மணியடித்துவிடுவார். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே. சுற்றிலும் வயல், நடுவில் ஒரு சிவன் கோயில், கோயிலைச் சுற்றி நாலு வீதி. வயலில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே கீழத்தெருவில் இருந்தார்கள். அதை மற்றவர்கள் சேரி என்றுதான் சொல்வார்கள். அப்பா மட்டும் கீழத்தெரு என்பார். தெற்கு வீதி முக்கில் எங்கள் வீடு. அந்த முக்கிலிருந்துதான் கீழத்தெருவுக்கு வண்டிப்பாதை பிரிந்து போகும்.

அப்பாவுக்கு ஆறேழு மா நிலம், இரண்டு ஏக்கர் சொச்சம், இருந்தது. அதைவிடக் கொள்கை அதிகமாக இருந்தது. ஊரிலேயே சாமி இல்லை என்று உரக்கச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். சொன்னதோடு விடாமல் எங்கள் வீட்டு வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அப்பா எழுத்துக்குக் கறுப்படிப்பார். அம்மா அந்தச் சுவருக்கு உள்பக்கம், சரியாக அந்த எழுத்துக்குப் பின்னால், விளக்கு மாடம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சுவர் இருவருக்கும் உதவியது.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று சட்டம் வந்திருந்தது. அப்பா அன்று ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். அதுவரை கதர் கட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர் மிராசுதாரும் ஆட்சி மாறிய கையோடு கரை வேட்டிக்கு மாறினார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் செத்துப்போன சித்தப்பா பேரிலும் பிரித்து எழுதிவைத்துவிட்டு, மேடையில் ஏறி உழுதவனுக்கே நிலம் என்று பேசினார். அப்பா வெயிலில் நின்று கொடி கட்டிய கட்சியில் அவர் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்கு இது தொண்டையில் முள்தான். ஆனாலும் தான் கிளைச் செயலாளர் என்ற முறையில் என் கல்யாணத்துக்கு அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டு, பத்திரிகையிலும் போட்டிருந்தார்.

மாப்பிள்ளை திருக்காட்டுப்பள்ளி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவர். நாங்களே பேசி முடித்துக்கொண்டது என்பதை இரண்டு வீட்டிலும் தெரியாத மாதிரி வைத்திருந்தார்கள். அவருடைய அப்பாவும் கறுப்புச் சட்டைக்காரர். என் அப்பாவைவிட ஒரு படி மேல். கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலத்தில்தான் நடத்த வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். அப்பாவுக்கு அப்படி ஒரு சம்பந்தி கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் வேறு கணக்கு இருந்தது. பட்டுக்கோட்டையில் அவளுக்கு ஒரு தம்பி, பெரிய தென்னந்தோப்பு, மனைவியை இழந்தவர். "ராகுகாலம் பார்த்துக் கல்யாணம் பண்ணி வீணாப் போறதுக்கு, என் தம்பிக்கே குடுத்திருக்கலாம்" என்று தேங்காய் துருவும்போதெல்லாம் சொல்வாள். இந்தக் கல்யாணம் தட்டிப்போனால் எனக்குத் தென்னந்தோப்புதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் நல்லவர்தான். ஆனால் எனக்குத் தேங்காய் மேல் அவ்வளவு ஆசை இல்லை.

கல்யாணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை தேரோட்டம்.

தேர் இழுப்பது எப்போதும் கீழத்தெரு ஆட்கள்தான். சட்டப்படி அவர்கள் கோயிலுக்குள்ளும் போகலாம். ஊர்ப்படி வடத்தை மட்டும் தொடலாம். அந்த வருஷம் மிராசுதார் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார். மேட்டூர் திறந்து தண்ணீர் வரப்போகிறது, உழவெல்லாம் டிராக்டரிலேயே முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஏர் ஓட்டிப் பிழைத்தவர்களின் வயிற்றில் மண். கீழத்தெருவில் செங்கொடிச் சங்கம் இருந்தது. சங்கத்துச் செயலாளர் என்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்தவர். தேர் எங்கள் வீட்டு முக்குக்கு வந்ததும் அவர் துண்டை ஆட்டினார். வடத்தை எல்லாரும் கீழே போட்டார்கள்.

"டிராக்டர் விஷயத்தைப் பேசணும். தேரும் இந்த முக்குல திரும்பி எங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டுப் போகணும்" என்றார்.

"அந்தப் பாதை தேரைத் தாங்காது" என்றார் மிராசுதார்.

"உங்க டிராக்டரைத் தாங்குதே."

மிராசுதார் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். கீழத்தெரு ஆட்களும் போய்விட்டார்கள். குருக்கள் தேர் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஏணி கொண்டுவரக் கூட ஆள் இல்லை. கடைசியில் அப்பாதான் எங்கள் வீட்டு ஏணியை எடுத்துக் கொடுத்து அவரை இறக்கினார்.

அப்படியாக, சாமி இல்லை என்று எழுதிய சுவருக்கு எதிரே சாமி வந்து குடியேறியது. அதுவும் தள்ளியெல்லாம் இல்லை. தேர்ச்சக்கரம் எங்கள் வாசற்படியை ஒட்டிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தால் மரக்குதிரையின் முகம். பூனை போகலாம், ஆள் போக முடியாது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத சாமி, நீங்க திட்டித் திட்டி வாசலுக்கே வந்துருச்சு பாருங்க."

அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு கோயிலாகிவிட்டது. காலை பூஜை, மாலை பூஜை. அர்ச்சனைக்கு வந்தவர்கள் எங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததில் எழுத்தில் பாதி அவர்கள் முதுகோடு போய்விட்டது. குருக்களுக்குத் தண்ணீர், குருக்களுக்கு மோர், குருக்களின் முழங்காலுக்கு அம்மா காய்ச்சிய எண்ணெய். முன்வாசல் அடைபட்டதால் நாங்கள் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். மாட்டுக்கொட்டகை, எருக்குழி, வைக்கோல்போர் எல்லாம் தாண்டி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். கீழத்தெரு ஆட்கள் எந்த வீட்டுக்கு வந்தாலும் அவர்களுக்கு அந்த வழிதான். அப்பாவைப் பார்க்க வந்தால் மட்டும் அவர் முன்வாசலில் கூப்பிடுவார். அதற்கு அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இப்போது அப்பாவே கொல்லை வழியாக வந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மிராசுதார் டிராக்டரைக் கொண்டுவந்தார். சாமியையும் டிராக்டரே இழுத்துவிடும், யாருடைய தயவும் வேண்டாம் என்றார். புது வண்டி. ரேடியேட்டருக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சாமியை இழுக்கப் போகிற டிராக்டருக்கு ஆபத்து வரக்கூடாது என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டார்களோ தெரியாது. அப்பா கொல்லைச் சுவர் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தர்மசங்கடம். இயந்திரம் வந்தால் மனிதன் முன்னேறுவான் என்று டீக்கடையில் பேசியவர் அவர். அந்த இயந்திரம் ஜெயித்தால் மிராசுதார் ஜெயிப்பார். தோற்றால் தேர் நகராது.

வடத்தை டிராக்டரில் கட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. டிராக்டர் உறுமியது. முதல் நாள் பெய்த கோடைமழையில் வீதி ஈரமாக இருந்தது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் பள்ளம் தோண்டிக்கொண்டதே தவிர, தேர் அசையவில்லை. குருக்கள் மேலே இருந்து "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ" என்று கத்தினார். ஓட்டுநர் அதை "இழுங்கோ" என்று அர்த்தப்படுத்திக்கொள்ள வழியே இல்லை. ஆனாலும் மிராசுதார் முகத்தைப் பார்த்து இன்னும் அழுத்தினான். டிராக்டர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் வீட்டை ஒட்டி வீதியில் போட்டிருந்த கல்யாணப் பந்தலின் இரண்டு காலைச் சாய்த்துவிட்டு நின்றது. பந்தல் கீற்று மொத்தமும் டிராக்டர் மேல் விழுந்து அதை மூடிவிட்டது. அதை வெளியே இழுக்க நாலு ஜோடி மாடு வேண்டியிருந்தது. மாடுகளும் கீழத்தெருவிலிருந்துதான் வரவேண்டும். வரவில்லை. ஆக, வாசலில் தேரும், பக்கத்தில் டிராக்டரும்.

நான் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அப்பா தஞ்சாவூரில் பஸ் மாறி வந்து இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவரையும் கொல்லை வழியாகத்தான் அழைத்துவந்தோம். கறுப்புச் சட்டை தோளில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கனைத்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுல பொம்பளைங்கதான்... சாமி வெளியில கிளம்பினா நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஊருக்குள்ள கல்யாணம் காட்சி கிடையாதாமே. கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு..."

"எங்க வீட்டுலயும் பொம்பளைங்க அதைத்தான் சொல்றாங்க" என்றார் அப்பா.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எப்போ சொன்னேன்?"

நான் காபியை அவர் முன்னால் வைத்தேன். வைத்தேன் என்றா சொன்னேன், கொட்டாத குறை. பெண் பார்க்க வந்தபோது வாயே திறக்காமல் இருந்தவள், அன்று கேட்டுவிட்டேன்.

"மாமா, அத்தை இதுக்கு என்ன சொன்னாங்க?"

அவர் காபியைப் பார்த்தார். "அவ... 'எப்போ நடந்தாலும் சரி, பொண்ணு நல்ல பொண்ணு'ன்னு சொன்னா."

"அப்போ பயப்படுறது நீங்கதானே? ராகுகாலத்துல கல்யாணம் வெச்சீங்களே, அதுக்குப் பயமில்லையா?"

"ராகுகாலம் வேறம்மா. அது பஞ்சாங்கத்துல எவனோ எழுதினது. தேர் கண்ணுக்கு முன்னால நிக்குதே!"

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ஏமாற்றமும் ஒரு நிம்மதியும் இருந்ததை நான் கவனித்தேன். மாமா சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்ச் சொன்னால் மறுநாள் யாரும் கிளம்ப மாட்டார்கள். அவர் போகாமல் இருந்தால் பஸ் பிடித்து எல்லாரும் வந்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் தேருக்கு ஒரு வழி பிறக்க வேண்டும். தள்ளிப்போட்ட கல்யாணங்களில் எத்தனை நடந்தன என்று எனக்குத் தெரியும். அம்மா வேறு, தம்பிக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசிக்கிற முகத்தோடு நின்றாள்.

நான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நேராகக் கீழத்தெருவுக்குப் போனேன். கல்யாணப் பெண் தெருத் தெருவாகப் போகலாமா என்று வழியில் இருவர் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று நடந்தேன்.

சங்கத்துச் செயலாளர் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா. மிராசுதார் பண்ணையில் காலமெல்லாம் உழைத்து முதுகு வளைந்துபோனவர்.

"ஏம்ப்பா, உங்க சங்கத்துக்கும் சாமி கிடையாதே. தேர் எங்கே போனா உனக்கென்ன?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். என் கல்யாணம் எனக்கு.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "எனக்குச் சாமி இல்ல. இவருக்கு இருக்கு. சின்ன வயசுலேருந்து வடம் பிடிக்கிறாரு. தேர் நிலைக்கு வந்ததும் தேங்காய் மூடியைத் தூரத்துலேருந்து தூக்கி எறிவாங்க, இவரு ஓடிப் பிடிக்கணும். போன வருஷம் கண்ணு சரியாத் தெரியாம மூக்குல வாங்கிக்கிட்டாரு." பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஏதோ விளையாட்டில் தோற்ற மாதிரி மூக்கைத் தடவிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்கு வந்து பேசு. நான் கூப்பிடுறேன்" என்றேன்.

"எந்த வழியா?"

"கொல்லை வழியாத்தான். இப்போ எல்லாருக்கும் அதுதான் வழி."

அன்று மத்தியானம் எங்கள் கூடத்தில் நடந்த கூட்டத்தைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மிராசுதார் எருக்குழியைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டி, தலையைக் குனிந்து மாட்டுக்கொட்டகை வழியாக வந்தார். அதே வழியில் அவருக்குப் பின்னால் சங்கத்துச் செயலாளர் வந்தார். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தது ஊர் வரலாற்றில் அதுவே முதல் தடவை. பிறகு அப்பா, மாமா, முழங்காலை நீவிக்கொண்டு குருக்கள். சாமியை நம்பாத மூன்று பேரும், சாமியை விட நிலத்தை நம்பிய ஒருவருமாகச் சேர்ந்து சாமி எந்த வழியாகப் போக வேண்டும் என்று சண்டை போட்டார்கள். நம்பிய ஒரே ஆளான குருக்களை யாரும் பேச விடவில்லை.

அப்பா சமாதானமாகத்தான் ஆரம்பித்தார். "தோழரே, இல்லாத சாமி. அது எந்தத் தெருவுல போனா என்ன? வழக்கமான வழியிலேயே போயிட்டுப் போகட்டுமே."

"இல்லாத சாமிதானேண்ணே? அப்போ எங்க தெருவுக்கு வர்றதுல என்ன கஷ்டம்?"

அப்பாவுக்கு வாய் அடைத்துப்போனதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். எத்தனை மேடையில் எத்தனை பேரை மடக்கியவர். அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் தன் எழுத்து, இந்தப் பக்கம் அம்மாவின் விளக்கு. பிறகு மெதுவாக மிராசுதார் பக்கம் திரும்பினார்.

"அவர் கேக்கிறது நியாயம்தானுங்க."

மிராசுதார் எழுந்தார். "கட்சியில யோசிச்சுப் பேசணும். கிளைச் செயலாளர் பதவி எப்பவும் இருக்கும்னு நினைக்காதீங்க. நாளைக்கு உங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் வரமாட்டேன்." வீராப்பாக முன்வாசல் பக்கம் போனவர், கதவைத் திறந்ததும் மரக்குதிரை முகத்தைப் பார்த்துத் திரும்பி, மறுபடியும் எங்கள் எல்லாரையும் தாண்டிக் கொல்லை வழியாகவே போக வேண்டியிருந்தது. போகும்போது எருக்குழியில் ஒரு கால் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அவர் போனதும் அம்மாதான் முதலில் சிரித்தாள்.

குருக்களுக்கு அப்போதுதான் பேச இடம் கிடைத்தது. "ஸ்வாமி எங்க போகணும்னு ஸ்வாமியை யாராவது கேட்டேளா? நேக்கு முழங்கால் போயிடுத்து. எங்க வேணா இழுங்கோ, எப்படியாவது என்னை என் ஆத்துல கொண்டு விடுங்கோ."

சாயங்கால பஸ்ஸை மாமா விட்டுவிட்டார். தூங்கிவிட்டேன் என்றார். அவர் கண்ணை மூடவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழத்தெருவே வந்தது. நாலு வீதியில் பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. மிராசுதாரின் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. வடத்துக்குக் கை குறைந்தது. முக்கில் தேரைத் திருப்புவது நேரே இழுப்பது போல் அல்ல, இரண்டு மடங்கு ஆள் வேண்டும். சங்கத்துச் செயலாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார்.

மாமா கறுப்புச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "சட்டையோட பிடிச்சா கட்சிக்கு இழுக்கு" என்றார். அப்பாவும் கழற்றிக் கொடுத்தார். இரண்டு சட்டையையும் சாய்ந்த பந்தல்காலில் மாட்டினேன். சட்டை இல்லாமல் இருவரும் மெலிந்து, பயந்த முகத்தோடு, சாதாரண மனிதர்களாக இருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் சட்டென்று பாசம் பொங்கியது.

வடத்தைப் பிடித்த பிறகு அடுத்த சிக்கல் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க ஒரு குரல் வேண்டும். வழக்கமாக "ஹர ஹர" என்று ஒருவர் கத்த, "மகாதேவா" என்று மற்றவர்கள் இழுப்பார்கள். "அதை நான் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. "நானும்தான்" என்றார் சங்கத்துச் செயலாளர். மாமா உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் கோஷம் போட்டார்கள், இன்னொரு பக்கம் கட்சி வாழ்க என்றார்கள், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்ததில் வடம்தான் குதித்தது.

குருக்கள் மேலே இருந்து தலையை நீட்டினார். "எதையாவது ஒண்ணைக் கத்தித் தொலைங்கோய்யா! எல்லாரும் சேர்ந்து கத்துங்கோ, அது போதும்!"

கூட்டத்தில் கோடியக்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுத் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு பெண் "ஏலேலோ" என்று எடுத்தாள். கடற்கரையில் வலை இழுக்கிற குரல். "ஐலசா" என்றார்கள் எல்லாரும். அதில் சாமியும் இல்லை, கட்சியும் இல்லை. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மறுபடி "ஏலேலோ." தேர் முனகியது. எங்கள் வாசற்படியை விட்டுச் சக்கரம் நகர்ந்தது. நான் போய் வடத்தைப் பிடித்துக்கொண்டேன். கையில் மருதாணி காயவில்லை. அம்மா விளக்கை அப்படியே விட்டுவிட்டு வந்து எனக்குப் பின்னால் பிடித்தாள்.

டிராக்டர் போகிற பாதையில் தேர் போயிற்று. ஒரு இடத்திலும் மண் உள்வாங்கவில்லை.

கீழத்தெரு முனையில் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு தட்டில் பூவும் பழமும். குருக்கள் இறங்கித் தீபம் காட்டினார். பிறகு பரிவட்டத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். அது தலைமுறை தலைமுறையாக மிராசுதார் தலைக்குப் போன துணி. "யாருக்குக் கட்டறது?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சங்கத்துச் செயலாளரைக் காட்டினார்.

"எனக்கு வேணாம்ணே. அப்பாவுக்குக் கட்டச் சொல்லுங்க."

பெரியவர் தலையில் துணியைக் கட்டியபோது அவர் மூச்சே விடவில்லை. அடுத்து குருக்கள் தேங்காய் மூடியை எடுத்தார். அதைப் பார்த்ததும் பெரியவர் பழக்கத்தில் நாலடி பின்னால் போய், கையை நீட்டி, பிடிக்கத் தயாராக நின்றார். குருக்கள் முன்னால் நடந்தார். பெரியவர் இன்னும் பின்னால் போனார்.

"ஓடாதேயும்யா. நான் எறியலை. கையில தரேன், வாரும்" என்றார் குருக்கள்.

பெரியவருக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. நான் அழுதேன். பக்கத்தில் அப்பா மூக்கை உறிஞ்சியது கேட்டது. தேர்த்தூசி என்றார்.

மத்தியானத்துக்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சாமி கோயிலுக்குள், டிராக்டர் வீதியில். எல்லாரையும் முன்வாசல் வழியாக அழைத்தோம். அம்மா கீழத்தெரு ஆட்களையும் முன்வாசலில்தான் அழைத்தாள். என்னவோ முனகிக்கொண்டேதான் அழைத்தாள், ஆனாலும் அழைத்தாள்.

தலைமை தாங்க ஆள் இல்லை. ராகுகாலம் பிறந்துவிட்டது. அப்பா நேரே போய்ப் பரிவட்டத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவரைக் கையைப் பிடித்துக் கூடத்தில் போட்டிருந்த மேடைக்கு அழைத்துவந்தார். காலையிலிருந்து அவர் அந்தத் துணியை அவிழ்க்கவே இல்லை. சாப்பிடும்போது கூட அவிழ்க்கவில்லை என்றார்கள். மாலையை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் மாற்றிக்கொண்டோம். மாமா காதில் ரகசியமாகச் சொன்னார், "ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க. சாமி பேரு மட்டும் வேணாம்."

"சாமி பேரு இல்லாம எனக்கு என்ன பேசத் தெரியும்?" என்றார் பெரியவர், ஊருக்கே கேட்கிற குரலில். "நல்லா இருங்க தாயி. வயிறு நிறைஞ்சு இருங்க." சொல்லிக்கொண்டே மடியை அவிழ்த்துக் காலையில் வாங்கிய விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார். யாரும் தடுக்க நேரமில்லை. அடுத்து மாப்பிள்ளைக்கு. அவருக்குப் பக்கத்தில் மாமா தலையை ஏற்கெனவே குனிந்து வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெரியவர் அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். விபூதி இருந்த கை பாதியில் நின்றது. சாமி இல்லை என்கிறவர் என்பதற்காகத் தயங்கினாரா, மேல்சாதிக்காரர் நெற்றியைத் தொடலாமா என்று தயங்கினாரா, இரண்டுமா, தெரியாது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் கைக்கு எட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

திருவாரூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் கட்சிப் பத்திரிகைக்கும் படம் அனுப்புகிறவர். காமிராவை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "ஐயா, நெத்தியில விபூதி இருக்கு. துடைச்சிடுங்க. இப்படியே அனுப்பினா போட மாட்டாங்க."

"இருக்கட்டும்யா" என்றார் அப்பா. "அது சாமி பூசினதில்ல. அவரு பூசினது."

படத்தைப் பத்திரிகையில் போடவில்லை. கிளைச் செயலாளர் பதவியும் அந்த மாதமே போயிற்று. நாற்றங்காலுக்கு ஆள் கிடைக்காமல் மிராசுதார் உழவில் பாதியை ஏருக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அப்பா வழக்கம்போலச் சுவர் எழுத்துக்குக் கறுப்படித்தார். அம்மா உள்ளே விளக்கேற்றினாள். அந்தப் படம் இப்போது எங்கள் குடியிருப்பு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குடியிருப்புச் செயலாளர் அதன் எதிரேதான் உட்கார்ந்து, உங்கப்பா சாமி கும்பிடாதவர்தானே என்று கேட்டார். நெற்றியில் இவ்வளவு பெரிய பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன்.